நார்வுட்டின் ஹோம்ஸ் ஓடவில்லை

வணக்கம். ஐலி நார்வுட் நடித்த 1921ஆம் ஆண்டு ஷெர்லக் ஹோம்ஸ் மௌனப்படம் ஒன்றை யூடியூபில் பார்த்தேன். எல்லாரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள். ஹோம்ஸே சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கிறார். அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தானா? இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடிப்பின் மேல் பழி போடாதீர்கள். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரை பதிவாகும். 24 என்பது பேசும்படம் வந்தபிறகு நிலைத்த கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். 1000 அடி ரீல் வினாடிக்கு 16 என்ற பழைய வேகத்தில் 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். 24இல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் பார்த்தது இப்படி 24இல் ஓடவிட்ட பிரதிதான். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், ஏறக்குறைய 18க்கு வந்துவிடும். பின்னணி பியானோ இழுக்கும், சத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

இந்தத் திருத்தம் நார்வுட்டுக்குத்தான் அதிகம் தேவை. ஹோம்ஸின் திறமையெல்லாம் பேச்சில் இருக்கிறது. மௌனப்படத்தில் அதை எழுத்து அட்டையில்தான் போட முடியும். அட்டை கூடினால் படம் படுத்துவிடும். அவர் அசையாமல் நின்று, ஒரு பொருளைப் பார்த்து, கண்ணை மட்டும் நகர்த்தி யோசனையைக் காட்டினார். 16இல் எடுத்த 3 வினாடி நிதானம் 24இல் 2 வினாடியாகிவிடுகிறது. அப்புறம் என்ன மிஞ்சும்?

1861இல் யார்க்கில் பிறந்தவர். இயற்பெயர் ஆன்டனி எட்வர்ட் பிரெட். பல்லாண்டு மேடையில் இருந்தவர். ஸ்டோல் என்ற படக் கம்பெனி அவரை ஹோம்ஸாக்கியபோது வயது 60ஐ நெருங்கிவிட்டது. 1921 முதல் 1923க்குள் 45 குறும்படம், 2 முழுநீளப் படம். நெற்றி ஏறித் தெரிய முன்முடியைச் சிரைத்துக்கொண்டார், வயலின் கற்றார். மௌனப்படத்தில் வயலினை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் வில் பிடிக்கும் கை பொய் சொன்னால் திரையில் தெரிந்துவிடும். மாறுவேடங்களுக்கு அவரே மேக்கப் போட்டுக்கொண்டார்.

ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அவரை மனதாரப் பாராட்டினார். டாயிலின் ஒரே குறை, கதையை 1920களுக்கு நகர்த்தி டெலிபோனையும் மோட்டார் காரையும் நுழைத்துவிட்டார்கள் என்பது. எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மூன்று குறும்படங்களைச் செப்பனிட்டு 2024இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டியது. அந்தப் பிரதி கிடைத்தால் வேகத்தில் கைவைக்க வேண்டாம்.