இழப்புக்குப் பின் வந்தவை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் எழுத்துகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை.

16 ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனத்தில் எங்கள் பிரிவைச் சென்ற ஆண்டு மூடிவிட்டார்கள். எனக்கு வயது 48. முதல் சில மாதங்களை நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடமில்லை. பேசியவர்கள் எல்லோரும் 'எல்லாம் நன்மைக்கே' என்றார்கள். அதைக் கேட்டாலே உடம்பு எரியும்.

இப்போது ஓராண்டு ஆகப்போகிறது. பகுதிநேர வேலை ஒன்று செய்கிறேன். வருமானம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்று நடந்திருக்கிறது. சில விஷயங்களில் நான் முன்பைவிட நன்றாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எப்படிப்பட்டவள் என்பது இந்த ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. பிறரிடம் உதவி கேட்கக் கற்றுக்கொண்டேன். யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பெருமளவு விலகிவிட்டது.

ஆனால் இரவில் அந்த அறிவிப்பு வந்த நாள் இன்னும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அப்படியானால் நான் காணும் நன்மைகள் எல்லாம் மனம் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானா? சென்ற வாரம் மனைவியிடம், 'வேலை போனதுகூட ஒருவகையில் நல்லதாகப் போயிற்று' என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாட்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்னதில் என்ன தவறு? மறுபடி முழுநேர வேலை கிடைத்தால் இதெல்லாம் மறைந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல நீங்கள் ஏன் கூச வேண்டும் என்று யோசித்தேன். துன்பத்தில் ஒரு நன்மை கிடைத்ததாக ஒப்புக்கொண்டால் அந்தத் துன்பத்தையே நியாயப்படுத்தியதாகிவிடும் என்று அஞ்சுகிறீர்கள் போலும். உங்கள் பிரிவை மூடியவர்களுக்கு நன்றி சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம். அது தேவையே இல்லை. அவர்கள் உங்களுக்கு எதையும் தரவில்லை. வேலை போனபின் கதவைச் சாத்திக்கொண்டு முடங்கியவர்கள் உண்டு, வீட்டிலிருப்பவர்கள்மேல் எரிந்து விழுந்து பிள்ளைகளை இன்னும் தொலைவுக்குத் தள்ளியவர்களும் உண்டு. அதே இழப்புதான் அவர்களுக்கும். நீங்கள் மகளின் அருகே போய் உட்கார்ந்தீர்கள். வந்த நன்மை நீங்கள் பட்ட பாட்டின் பயன். அடித்த கைக்கு அதில் பங்கு கிடையாது.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. துன்பத்துக்குப் பின் மனிதர்களிடம் தோன்றும் வளர்ச்சியை முறையாக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் இதையே அழுத்திச் சொல்கிறார்கள். வளர்ச்சி நிகழ்வதென்றால் அது அந்தச் சம்பவத்தால் நிகழ்வதில்லை, சம்பவத்தோடு நடத்தும் போராட்டத்தால் நிகழ்கிறது என்பது அவர்கள் கருத்து. 1996-இல் அவர்கள் வெளியிட்ட 21 கேள்விகள் கொண்ட அளவுகோலில், பிறரோடு நெருக்கம், தன் வலிமையை அறிதல், புதிய வழிகள் தெரிதல், வாழ்க்கையின் அருமை புரிதல், ஆன்மிக மாற்றம் என ஐந்து வகை மாற்றங்கள் வருகின்றன. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. அவர்கள் நிலநடுக்கத்தை உவமையாகச் சொல்வதுண்டு. உலகம் ஒழுங்கானது, உழைத்தவனுக்கு ஊதியம் நிச்சயம் என்று நாம் கட்டி வைத்திருந்த நம்பிக்கைகள் இடிந்து விழுகின்றன. மறுபடி கட்டுபவர் அடுத்த அதிர்வையும் தாங்கும்படி கட்டுகிறார். அப்படிக் கட்டிய யாரும் நிலநடுக்கத்தை வாழ்த்துவதில்லை.

கேட்டிலும் ஒரு பயன் உண்டு, சுற்றத்தாரை அளந்து பார்க்கும் கோல் அது என்று வள்ளுவர் நட்பாராய்தல் அதிகாரத்தில் சொல்கிறார். நான் அந்தக் குறளை மதிப்பது அதன் அளவுணர்ச்சிக்காக. கேடு நல்லது என்று அவர் அதில் சொல்லவில்லை. கெட்ட காலத்தில் கைக்கு வரும் ஒரே ஒரு பொருளை எடுத்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். உங்களுக்கு 'எல்லாம் நன்மைக்கே' என்று சொன்னவர்களிடம் இல்லாமல் போனது இந்த அளவுதான். நன்மையைக் கண்டெடுக்கும் உரிமை துன்பப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. அவர் கண்டெடுக்கும் முன்பே பிறர் கொண்டுவந்து கையில் திணித்தால், 'உன் துயரத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை' என்றுதான் காதில் விழும். உங்கள் உடம்பு எரிந்ததில் வியப்பில்லை.

காலமும் ஒரு காரணம். நெருங்கியவரை இழந்தவர்களைத் தொடர்ந்து சந்தித்து கிறிஸ்டபர் டேவிஸ், சூசன் நோலன்-ஹோக்செமா, ஜூடித் லார்சன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இழப்பு ஏன் நேர்ந்தது என்று தங்களுக்குள் ஒரு விளக்கம் கண்டவர்களுக்கு அது முதல் ஆண்டில் துணைநின்றது. இழப்புக்குப் பின் ஒரு நன்மையைக் கண்டதற்கும் மனம் தேறியதற்கும் இருந்த தொடர்போ 13, 18 மாதங்கள் கழித்துத்தான் வலுவாகத் தெரிந்தது. முதல் மாதங்களில் யார் என்ன சொன்னாலும் உங்களுக்கு அது ஏறியிருக்காது. ஓராண்டு நெருங்கும்போது நீங்களே காணத் தொடங்கியிருக்கிறீர்கள். இதைவிட இயல்பான வேகம் இருக்க முடியாது.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். இவையெல்லாம் மனம் சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

சில நேரம் ஆம். இதை மறைக்க விரும்பவில்லை. பாட்ரீசியா ஃப்ரேசியரும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, இடையில் பெரிய துன்பத்தைச் சந்தித்தவர்களைச் சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்தார்கள். 'நான் இந்த அளவு வளர்ந்திருக்கிறேன்' என்று மாணவர்கள் சொன்னது, இரண்டு அளவீடுகளுக்கும் இடையே தெரிந்த உண்மையான மாற்றத்தோடு பெரும்பாலும் பொருந்தவில்லை. வளர்ந்ததாகத் தாமே நினைத்தது வேதனை கூடியதோடு சேர்ந்து காணப்பட்டது, உண்மையில் மாறியது வேதனை குறைந்ததோடு. சில வாரங்களில் ஒரு மனிதர் எவ்வளவுதான் மாறிவிட முடியும் என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனாலும் ஆய்வின் எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். மாறிவிட்டேன் என்ற எண்ணம் வேறு, மாற்றம் வேறு.

ஆகவே நீங்கள் எழுதிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். உதவி கேட்கக் கற்றது செயல். முன்பு கேட்காத நீங்கள் இப்போது கேட்டிருக்கிறீர்கள், கேட்கப்பட்டவர்கள் அதற்குச் சாட்சி. அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. மகளை அறிந்துகொண்டதற்குச் சாட்சி மகளே. ஓராண்டுக்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றும் ஒன்றை இப்போது தானாக வந்து சொல்கிறாளா? சொல்கிறாள் என்றால் அது சமாதானம் இல்லை, உறவு. மூன்றாவதான பயம் விலகியது மட்டும் இப்போதைக்கு ஓர் உணர்வு. பழைய நிறுவனத்தில் கூட வேலை பார்த்த ஒருவரை எதிர்பாராமல் சந்தித்து, 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்கும்போது, பகுதிநேர வேலை என்று குரல் தாழாமல் சொல்ல முடிகிறதா என்பதில் அது தெரியவரும். முடியாவிட்டாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடாது.

இரவில் அந்த நாள் திரும்ப வருவதை வைத்து மட்டும் எதையும் தள்ளிவிடாதீர்கள். விக்கி ஹெல்கசன், கெர்ரி ரெனால்ட்ஸ், பாட்ரீசியா டோமிச் மூவரும் 87 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் எழுதிய கட்டுரையின் முடிவு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. துன்பத்தில் நன்மை கண்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் மகிழ்ச்சி கூடுதலாகவும் இருந்தன. அவர்களிடமே அந்த நிகழ்வைப் பற்றிய, அழைக்காமல் வரும் நினைவுகளும் கூடுதலாக இருந்தன. இரண்டும் ஒரே மனதில் வசிக்கின்றன. நடந்ததை இன்னும் மனதில் புரட்டிக்கொண்டிருப்பவர்தான் அதில் எதையாவது கண்டெடுக்கவும் செய்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். தூக்கமே கெட்டு, பகல் வேலைகளும் தடைபடும் அளவுக்குப் போனால் மட்டும் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் மனைவியின் மௌனத்தைப் பற்றித்தான் கடிதத்தைப் படித்த நாள் முதல் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நினைத்துப் பார்க்கவே விரும்பாத அந்த முதல் மாதங்களில் உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பாதிக்கும் கீழே இறங்கிய வருமானத்தில் மாதத்தை ஓட்டியதில் அவருடைய பங்கு என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மகளோடு இருக்க உங்களுக்குக் கிடைத்த நேரத்தின் ஒரு பகுதி, அவர் தன் நேரத்திலிருந்து கொடுத்ததாக இருக்கலாம். வேலை போனதில் உங்களுக்கு வந்த நன்மை உண்மையானது. அதற்கான செலவில் ஒரு பகுதி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் 'நல்லதாகப் போயிற்று' என்று நீங்கள் சொன்னதும், சென்ற ஆண்டு உங்களை எரிய வைத்த அதே 'எல்லாம் நன்மைக்கே' அவர் காதில் உங்கள் குரலில் விழுந்தது.

அவரிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். இந்த ஆண்டு அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இடையில் பேசாமல் இருங்கள். கோபம் வரலாம், அழுகை வரலாம், அந்த முதல் மாதங்களில் நீங்கள் சொன்ன ஏதாவது ஒன்று வெளியே வரலாம். எல்லாம் வரட்டும். அவரும் இந்த ஆண்டில் ஏதாவது கண்டிருக்கக்கூடும். அதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது அவர் விருப்பம். அவர் எதுவுமே காணவில்லை என்றாலும் குறைவில்லை. ஒரு துன்பத்தைத் தாங்கி நின்று, அதிலிருந்து எதையும் பெறாமல் வெளியே வருபவர்கள்தான் உலகில் ஏராளம். அவர்களைத் தோற்றவர்களாகப் பார்க்கும் பேச்சு இப்போது பெருகி வருகிறது. அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

எழுதச் சொல்வது என் வழக்கம். உங்களுக்கு அதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். வேலை இழந்த பொறியாளர்களை வைத்து ஸ்டெஃபனி ஸ்பெரா, எரிக் பியூர்ஃபைண்ட், ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆகியோர் 1994-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை போனதைப் பற்றித் தங்கள் உள்ளுணர்வுகளை எழுதியவர்களுக்கு, மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக வேலை தேடினார்கள் என்பது காரணமில்லை. பழைய வேலை மீதும் புதிய வேலை மீதும் அவர்கள் கொண்டிருந்த மனநிலை மாறியிருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த அறிவிப்பு நாளை எழுதுங்கள். கோபத்தை முழுவதும் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். நன்மைகளைத் தேடிப் பட்டியல் போட வேண்டாம், எழுதும்போது தானாக வந்தால் வரட்டும்.

முழுநேர வேலை கிடைத்தால் இதெல்லாம் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் போகும். நேரத்தால் வந்தது நேரம் போனால் போகும். உதவி கேட்கும் பழக்கம் போகாது என்று நினைக்கிறேன், ஒருமுறை தாண்டிய கூச்சம் அவ்வளவு எளிதில் திரும்பி வராது. மகளோடான பேச்சுக்கு மட்டும் நீங்கள் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். அடுத்த நேர்காணலில் சம்பளத்தைப் பேசும் முன் வேலை நேரத்தைக் கேளுங்கள். மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை, போவதற்கு முன்பே உங்கள் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்