மாரிக்கு முன் ஓட்டு வீடு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஓட்டு வீடு, போன மாரியில் நடு அறைக்குள் ஒழுக்கு, கூரை முழுவதையும் மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரப் பீலியை முதலில் பாருங்கள். வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் தண்ணீர் ஓட்டுக்கடியால் உள்ளே வரும். அப்புறம் கூரை உச்சியில் இருக்கும் முகட்டோட்டுச் சாந்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் தெரிகிற இடத்தில் ஓடு நகர்ந்திருக்கும். ஐப்பசிக்கு முன் முடியுங்கள். பிறகு மேசன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கிணற்றையும் கவனியுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மலக்குழி நீர் சுலபமாகக் கலக்கும். 2008 நிஷா புயல்போல் வெள்ளம் வந்து கிணற்றுக்குள் இறங்கினால், வடிந்தபின் இறைத்துக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.