45 வயதில் தொடங்கிய ஆட்டமும் தலைசுற்றலும்

வணக்கம். மகனுக்காக வாங்கிய வீடியோ கேம் கருவியில் 45 வயதில் தாங்களே ஆடத் தொடங்கி, ஆட்டம் மிகவும் பிடித்துப்போன பின்னும் பத்தே நிமிடத்தில் தலைசுற்றுவதால், வயதாகிவிட்டதோ என்று ஐயுறுவதாக எழுதியிருந்தீர்கள். வயதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நாம் நகர்கிறோம் என்று கண் சொல்ல, அசையாமல்தான் அமர்ந்திருக்கிறோம் என்று உட்செவியின் சமநிலை உறுப்பு மறுப்பதால் எழும் முரண்பாடே இதற்குக் காரணம். ஆட்டத்தின் அமைப்புகளில் பார்வைக் கோணத்தை, அதாவது திரையில் ஒரே நேரத்தில் தெரியும் காட்சியின் அகலத்தை, 90 பாகைக்கு அருகில் விரித்து, கேமரா குலுங்குவதையும் அசைவில் காட்சி மங்குவதையும் நிறுத்திவிட்டு, அறை விளக்கை எரியவிட்டுத் திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமருங்கள். குமட்டல் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்; பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று நம்பி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் படுக்கையில் கழித்திருக்கிறேன்.

கருவியை இயக்க இரு கட்டைவிரல்களும் ஒத்துழைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்; அது பயிற்சிக் குறைவு மட்டுமே. பயிற்சி கைவரும்வரை, எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யை ஆடிப் பாருங்கள். உழவும் விதைப்புமாகச் செல்லும் அதில் காட்சி மேலிருந்து தெரிவதால் தலைசுற்றலுக்கு இடம் குறைவு, உறக்கத்துக்கும்தான். 2018-இல் வந்த, மலையேறும் ஆட்டமான 'செலஸ்ட்' கடினமானது என்றாலும், அதன் உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். அதைக் கண்டு மகன் சிரித்தால் சிரிக்கட்டும்.