விலைவாசியா, கட்சிப் பற்றா? ஒரு களப்பணிக் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்தில் வசிக்கும் ஆறாம் படிவ மாணவி. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். களப்பணிக்காகத் தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலும் (வீடமைப்புக் குடியிருப்பிலும்) 40 வீடுகளில், "எந்தக் கூட்டணியை ஆதரிக்கிறீர்கள்?", "நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது?" என்று இரண்டு கேள்விகள் கேட்டேன். நிலைமை மோசம் என்றவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கட்சியை ஆதரிப்பவர்கள். ஆகவே, விலைவாசியே ஓட்டைத் தீர்மானிக்கிறது என்று முடிவுரை எழுதலாமா?

பதில்: இந்த இரண்டு விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி எழுத முடியாது. எது காரணம், எது விளைவு என்பது அவற்றில் கலந்து கிடக்கிறது. ஒரு கூட்டணியின் மீது ஏற்கெனவே பற்றுள்ளவர், அது ஆட்சியில் இருக்கும்வரை பொருளாதாரம் பரவாயில்லை என்பார். ஆட்சி கை மாறிய மறுமாதமே, அதே சம்பளத்தையும் அதே மளிகைக் கணக்கையும் வைத்துக்கொண்டு, எல்லாம் கெட்டுவிட்டது என்பார். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் முடிந்த சில வாரங்களிலேயே, குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் பொருளாதாரத்தைப் பற்றி முன்பைவிட மிகவும் நம்பிக்கையாகப் பேசத் தொடங்கியதைக் கருத்துக் கணிப்புகள் காட்டின. புதிய அதிபர் அப்போது பதவியேற்கக்கூட இல்லை. நீங்களும் கட்சியை முதலில் கேட்டுவிட்டுப் பொருளாதாரத்தைப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சொன்ன கட்சிக்கு ஏற்றபடி அடுத்த விடையைச் சொல்வது மனித இயல்பு.

பொருளாதாரம் ஓட்டைப் பாதிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதிக்கிறது, ஆனால் நேர்வழியில் போவதில்லை. நம் நாட்டின் மூன்று தேர்தல்களைப் பாருங்கள். 1998இல் ஆசிய நிதி நெருக்கடியால் மலேசியப் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது; ஆயினும் 1999 நவம்பர் தேர்தலில் ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி 193 தொகுதிகளில் 148ஐப் பிடித்து, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையைக் காத்துக்கொண்டது. 2007இல் பொருளாதாரம் 6 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. 2008 மார்ச்சில் அதே முன்னணி 222இல் 140ஐ மட்டுமே பெற்று அந்தப் பெரும்பான்மையை இழந்தது. 2017இலும் வளர்ச்சி 6 விழுக்காட்டை நெருங்கியிருந்தது; 2018 மே 9இல் ஆட்சியே போயிற்று. உற்பத்தியின் ஏற்ற இறக்கத்தை வைத்தே ஆளுங்கட்சியின் வெற்றி தோல்வியைச் சொல்லிவிடலாம் என்ற கணக்கு மூன்று முறையும் பொய்த்தது.

இதை விளக்குவது "யார் மேல் பழி?" என்ற கேள்விதான். 1998இன் துன்பத்துக்கு வெளிநாட்டு நாணயச் சூதாடிகளே காரணம் என்று பிரதமர் மகாதீர் இடைவிடாமல் சொன்னார், ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தார். பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். (அந்தத் தேர்தலில் மலாய்க்காரர் ஓட்டு சரிந்தது உண்மை, ஆனால் அதற்குத் துணைப் பிரதமராக இருந்த அன்வார் பதவி நீக்கப்பட்டுச் சிறைக்குச் சென்றதே பெரிய காரணம்.) 2008இல் உங்கள் சுங்கை சிப்புட்டிலேயே, 1974 முதல் தொகுதியை வைத்திருந்த, தேசிய முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலு, எதிரணியின் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்து வெளியேறியவர்களின் பல்லாண்டு மனக்குறை, இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்திய 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு ஒரு முகவரியைக் கண்டுகொண்டது. அதுவும் பொருளாதாரம்தான், வளர்ச்சி விழுக்காட்டில் அது தெரிவதில்லை. 2018இல் தோற்ற அரசாங்கம் 2015 ஏப்ரல் 1இல் கொண்டுவந்த 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியோ ஒவ்வொரு ரசீதின் அடியிலும் அச்சாகி வந்தது. அதைப் போட்டவர் யார் என்று எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தோட்டப்புறத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2022 மார்ச்சில் கச்சாப் பாமாயில் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டி, சில மாதங்களிலேயே 4,000க்குக் கீழே இறங்கியது. சொந்தக் குலை விற்கும் சிறுதோட்டக்காரர் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே உணர்ந்திருப்பார். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கோ, அவ்வாண்டு மே 1 முதல் 1,500 ரிங்கிட்டாகவும் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாகவும் ஆன குறைந்தபட்சச் சம்பளமே பெரிய செய்தி. முன்னது உலகச் சந்தை வேலை, பின்னது அரசாங்க முடிவு. ஒரே சாலையில் வசிக்கும் இருவரும் இரண்டு வேறு பொருளாதாரங்களில் வாழ்கிறார்கள். 2021 டிசம்பரில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தபின், தோட்ட முகவரியில் பதிவாகியிருந்தும் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ சம்பாதிக்கும் இளைஞர்கள் வாக்காளர் பட்டியலில் கூடியிருக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களுக்கோ ஓட்டே இல்லை. நீங்கள் கதவைத் தட்டிய வீடுகளில் இந்தக் கலவை எப்படி இருந்தது என்று குறித்தீர்களா?

அரசியல் ஆய்வாளர்கள் கிண்டரும் கீவியட்டும் அமெரிக்க வாக்காளர்களை ஆராய்ந்து, மக்கள் தம் சட்டைப்பையைவிட நாட்டின் நிலையைப் பார்த்தே அதிகம் ஓட்டுப் போடுகிறார்கள் என்றார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாங்கம் நிர்ணயிக்கும் தோட்டப்புறத்தில் இரண்டையும் அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. ஆகவே இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

வாய்ப்பிருந்தால் மறுபடியும் அந்த வீடுகளுக்குச் செல்லுங்கள். பொருளாதாரக் கேள்விகளை முன்னே வைத்து, "எப்படி இருக்கிறது?" என்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள்: போன தீபாவளிக்குப் பிறகு நகையை அடகு வைத்தார்களா, ஒரு மாத மளிகைக்கு அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு? அடுத்து, அதற்கு யார் காரணம் என்று கேட்டு, கூட்டரசு அரசாங்கம், மாநில அரசாங்கம், தோட்ட நிர்வாகம், உலகச் சந்தை என்று அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2022 தேர்தலுக்குப் பின், முன்பு எதிரெதிரே நின்ற நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் இருப்பதால், பழி சொல்லவே சிலர் தயங்கலாம்; அந்தத் தயக்கத்தையும் குறியுங்கள். கடைசியாக, போன தேர்தலில் யாருக்கு ஓட்டு, இப்போது யாருக்கு என்று கேளுங்கள். ஓட்டு இரகசியம் என்பதால், பெயரும் வீட்டு எண்ணும் தாளில் இருக்கக் கூடாது. மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) அருகில் இருக்கும்போது கேட்கவும் கூடாது.

போன தேர்தலில் ஒரே கூட்டணிக்கு ஓட்டுப் போட்டவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களில் வருமானம் இறுகி அரசாங்கத்தைக் குறை சொல்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மனம் மாறியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால், "இந்த 40 வீடுகளில், கஷ்டத்துக்கு அரசாங்கமே பொறுப்பு என்று கருதியவர்களிடையே ஆதரவு மாற்றம் அதிகம் தென்பட்டது" என்று எழுதுங்கள். 40 வீடுகளுக்குத் தசம விழுக்காடு வேண்டாம். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே போதும்.