திசையே சாவியாகுமா? – கடிதம்

வணக்கம்.
ஃபோட்டானின் (ஒளித்துகளின்) முனைவாக்கத்தை, அதாவது ஒளி அதிரும் திசையை, அளக்க இருவருக்கு மட்டும் தெரிந்த அச்சுத்திசைகளை வைத்தே ரகசியச் செய்தி அனுப்பலாம் என்று பார்ட்லெட், ருடால்ஃப், ஸ்பெக்கென்ஸ் என்ற இயற்பியலாளர்கள் 2004இல் எழுதியதைப் படித்தேன். கிண்டியிலும் தரமணியிலும் உள்ள இரண்டு ஆய்வகங்கள் ஒருமுறை திசையை ஒத்துக்கொண்டால், ஃபோட்டானுக்கு ஒரு பிட் வீதம் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாமா?
கார்த்திகேயன், வேளச்சேரி

அன்புள்ள கார்த்திகேயன்,

முதல் ஃபோட்டான் வரை சரி. உங்கள் அச்சு தெரியாத ஈவுக்கு (ஒட்டுக்கேட்பவரை இத்துறையில் இப்படித்தான் அழைப்பார்கள்) அது எல்லாத் திசைகளின் சமக் கலவை. எப்படி அளந்தாலும் பாதிக்குப் பாதிதான்.

இரண்டாவதிலேயே ஓட்டை விழுகிறது. அனுப்பும் பிட்கள் 0,0 என்றால் இரண்டு ஃபோட்டான்களும் ஒரே நிலை. 0,1 என்றால் எதிரெதிர். இந்த உறவைக் காண அச்சே வேண்டாம். முதல் ஃபோட்டானைச் சற்றுத் தாமதப்படுத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் 50:50 ஒளிப்பிரிப்பானில் விட்டால் போதும். ஒரே நிலையில் உள்ளவை ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே வெளிவரும். இரண்டு வாசலிலும் உணரிகள் ஒருசேரத் துடித்தால் பிட்கள் வேறுவேறு என்பது உறுதி. எதிரெதிர் ஜோடிகளில் பாதித் தடவை இப்படி நடக்கும்.

இரண்டையும் பின்னிப் பிணைத்தால்தான் தப்பலாம். நான்முகியின் நான்கு முனைத் திசைகளை எடுங்கள். 'இரண்டும் அத்திசையில்' என்ற நிலையை √3/2 வீச்சிலும் (வீச்சின் வர்க்கம்தான் நிகழ்தகவு), சிங்க்லெட் நிலையை (எந்தத் திசையில் அளந்தாலும் இரண்டும் எதிரெதிராகவே வரும் பிணைந்த நிலை) 1/2 வீச்சிலும் கூட்டுங்கள். அலைக்கட்டங்களை (phase) சரியாகத் தேர்ந்தால் வெவ்வேறு திசைகளின் 'இரண்டும் அத்திசையில்' நிலைகளுக்கு உட்பெருக்கம் (இரு நிலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) −1/3; ஆக 1/4 − (3/4)(1/3) = 0. நான்கும் ஒன்றுக்கொன்று செங்குத்து, பெறுபவர் பிழையின்றிப் பிரிப்பார். ஈவுக்கோ நான்கும் ஒரே முழுக்கலவை. இரண்டு ஃபோட்டானில் இரண்டு பிட், கசிவே இல்லை. அழகான வேலை.

ஆனால் 'எவ்வளவு வேண்டுமானாலும்' நடக்காது. அதே அச்சில் மூன்றாவது, நான்காவது ஃபோட்டான் போனால் பழைய ஜோடியோடு அவற்றின் உறவும் தெரியவரும். மொத்தத்தையும் ஒரே கட்டாகக் குறியாக்க வேண்டும். அப்போதும் ரகசிய பிட்கள் ஃபோட்டான் எண்ணிக்கையின் மடக்கை (log) வீதத்தில்தான் வளரும்.

கேபிளில் வேறு தலைவலி. வெயிலும் சாலை அதிர்வும் கண்ணாடியிழைக்குள் முனைவாக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நேர்கோட்டு முனைவாக்கம் 10 டிகிரி திரும்பினால் பிழை சுமார் 3%, 20 டிகிரிக்கு ஏறக்குறைய 12%. பிபி84 என்ற வழக்கமான குவாண்டம் சாவிப் பரிமாற்ற முறையில் தெரிந்த திசையில் துடிப்புகளை அனுப்பித் திருத்துவார்கள். அங்கே திசை ரகசியமில்லை, யார் பார்த்தாலும் கவலையில்லை. இங்கே அந்தத் துடிப்பே சாவியைக் கொடுத்துவிடும்: ஒரே திசையில் 10 ஃபோட்டான் சிக்கினாலே ஈவ் அதைச் சராசரியாக 11/12 துல்லியத்துக்கு ஊகிக்கலாம்.

பரிசோதிக்க ஆசையென்றால் இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே வெட்டவெளியில் செய்யுங்கள். காற்று முனைவாக்கத்தை அநேகமாகத் திருப்பாது. கால், அரை, கால் அலைத்தகடுகளின் (முனைவாக்கத்தை மாற்றும் படிகத் தகடுகளின்) மூன்று கோணங்கள்தான் உங்கள் ரகசிய அச்சு. தினசரிச் செய்திக்கு பிபி84ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.