வாசகர் கேள்விகள்: சூடாகும் பூமியில் பனிப்புயல் ஏன்?

கேள்வி: புவி வெப்பமடைகிறது என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டுகிறது. இரண்டும் ஒருசேர எப்படி நடக்கும்?

பதில்: தாராளமாக நடக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியை ஏற்கும். கடுங்குளிர்க் காற்றில் ஈரம் குறைவு என்பதால், பெரும் பனிப்பொழிவுகள் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில்தான் நிகழ்கின்றன. ஆகவே குளிர்காலம் மொத்தத்தில் இளகினாலும், உறைநிலைக்குக் கீழே இறங்கும் நாட்களில் வரும் புயலுக்கு முன்பைவிட அதிக ஈரம் கிடைக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைப் பாருங்கள். 2014 நவம்பரில், இன்னும் உறையாமல் இளஞ்சூட்டோடு இருந்த ஈரி ஏரியின் மேல் வடதுருவக் காற்று அதன் நீளவாக்கில் வீசி, வழியெல்லாம் நீராவியை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் குறுகிய பட்டையாகக் கொட்டியது. நகரின் தென்புறப் பகுதிகளில் 5 அடிக்கு மேல் பனி. சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலம் மட்டுமே. அப்பகுதியின் பேரேரிகளில் குளிர்கால உறைபனிப் பரப்பு, ஆண்டுக்காண்டு ஏறி இறங்கினாலும், 1970களிலிருந்து குறைந்தே வருகிறது. ஏரி உறையத் தாமதமாகும்போது இத்தகைய பொழிவுக்கான காலம் நீள்கிறது. வெப்பம் மேலும் கூடினால் அதே ஈரம் மழையாகவே விழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலமே உறைந்ததற்குத் ‘துருவச் சுழல்’ காரணம் என்று படித்தேன். அதுவும் காலநிலை மாற்றத்தின் விளைவுதானா?

பதில்: இங்கே நிதானம் தேவை. துருவச் சுழல் என்பது குளிர்காலத்தில் வடதுருவத்தைச் சுற்றி, தரைக்குப் பல கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலிமையான காற்று வளையம். காற்றுமண்டலத்தின் கீழடுக்கிலிருந்து மேலெழும் பெரிய காற்றலைகள் அதைக் குலைக்கும்போது, அந்த உயரத்தில் வெப்பநிலை சில நாட்களிலேயே பல பத்து டிகிரி ஏறிவிடுவதுண்டு. 2021 ஜனவரி தொடக்கத்தில் அதுவே நேர்ந்தது. இத்தகைய குலைவுக்குப் பின் வரும் வாரங்களில் துருவக் குளிர் தெற்கே வழிந்தோடும் வாய்ப்பு கூடுகிறது.

ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. அதனால் ஜெட் காற்றோட்டம் (துருவச் சுழலுக்குக் கீழே, மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் காற்று) தளர்ந்து அதிகமாக வளைந்து, துருவக் குளிரைத் தெற்கே இறங்கவிடுகிறது என்ற கருத்தை 2012இல் காலநிலை ஆய்வாளர்கள் ஜெனிஃபர் பிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் ஆகியோர் முன்வைத்தனர். கணினி மாதிரிகள் இதில் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை. முதல் பதிலில் சொன்ன ஈரம் பற்றிய விதி உறுதியானது. ஜெட் காற்றோட்டம் பற்றிய இந்தக் கருத்தோ விவாதத்தில் இருப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதினால், நாளை மாறக்கூடிய ஒன்றுக்காக உறுதியானதன் மீதும் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள் என்பதே என் கவலை.

டெக்சாஸில் மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தனர். உறைந்துபோன எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் அந்த இழப்பைப் பெருக்கின. அவற்றைக் குளிர் தாங்கும்படி அமைக்க வேண்டும் என்று 2011 பிப்ரவரிக் குளிருக்குப் பிறகே அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்புகள் பரிந்துரைத்திருந்தன. மாநிலத்தில் அது சட்டமானது 2021 ஜூனில்தான்.