தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் முதல் வீடு: எந்த விலைக்கு மேல் போகக் கூடாது?

வாசகர் கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1,10,000 ரூபாய் கைக்கு வருகிறது. சேலையூரில் 17,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். மாதம் 22,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம்; இதுவரை 22 லட்சம் சேர்த்திருக்கிறோம். மேடவாக்கம் அருகே கட்டப்பட்டு வரும் அடுக்ககத்தில் 1,020 சதுர அடி வீடு 72 லட்சம், மூடிய கார் நிறுத்துமிடத்துக்கு 3 லட்சம் என்கிறார்கள். இந்த வாரம் 2 லட்சம் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் அடுத்த மாதம் சதுர அடிக்கு 200 ரூபாய் ஏறிவிடுமாம். சேலையூரிலேயே 14 ஆண்டுப் பழைய, 900 சதுர அடி வீடு ஒன்று 56 லட்சத்துக்கு வருகிறது. நகையை அடகு வைத்தாவது புதிய வீட்டை வாங்கும்படி பெரியவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: புதிய வீடு உங்கள் சக்திக்கு மீறியது. பழைய வீட்டையும் சொன்ன விலைக்கு வாங்க வேண்டாம். 53 லட்சம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்கடன் விண்ணப்பங்களுக்காகப் பல ஆண்டுகளாகச் சொத்து மதிப்பீடு செய்துவருபவன் என்ற முறையிலும், முதல் வீடு வாங்கும் பல தம்பதியருடன் படியேறி இறங்கியவன் என்ற முறையிலும், இந்த 53 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விளக்குகிறேன். விலை ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பணம் தேடுகிறார்கள். தொகையை முடிவு செய்துகொண்டு வீடு தேடுகிறவர்கள் குறைவு.

இப்போது வாடகையும் சேமிப்புமாக மாதம் 39,000 ரூபாயை உங்களால் ஒதுக்க முடிகிறது. வீட்டுக்கடன் தவணையும் குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்து இந்தத் தொகைக்குள் அடங்கினால், வாழ்க்கையில் எதையும் வெட்டாமல் நீங்கள் கடனைக் கட்டலாம். வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். அடுத்து கைப்பணம். 22 லட்சத்தில் 4 லட்சத்தை மருத்துவச் செலவுக்கும் வேலை இழப்புக்குமாகத் தொடாமல் வைத்துவிடுங்கள். மீதி 18 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கிகள் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. அவை முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆகவே 53 லட்சம் ரூபாய் வீட்டுக்கு உங்கள் பங்கு 10.6 லட்சம், பதிவுச் செலவு ஏறக்குறைய 4.8 லட்சம், வழக்கறிஞருக்கும் தரகருக்கும் அரை லட்சம், வண்ணம் பூசுதல், குழாய், மின்கம்பி வேலைகளுக்கு 2 லட்சம் என்று 18 லட்சமும் தீர்ந்துவிடும். கடன் 42.4 லட்சம், தவணை சுமார் 36,800. பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தால் 39,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. உங்கள் எல்லை அதுதான்.

இதே கணக்கைப் புதிய வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்துடன் 75 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்பதால் 5 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 3.75 லட்சம். அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் சலுகை இருக்கிறது; 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 விழுக்காடு. அது 5.25 லட்சம். மொத்தம் 84 லட்சம். வங்கி அதிகபட்சமாக 60 லட்சம் கொடுத்தாலும் நீங்கள் 24 லட்சம் புரட்ட வேண்டும். சேமிப்பை வழித்துப் போட்டாலும் 2 லட்சம் குறைகிறது. மாதத் தவணை 52,000 ரூபாயைத் தாண்டுகிறது. வீடு கைக்கு வரும் வரை வாடகையும் கட்டியாக வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு இந்தக் கடனைக் கொடுக்க வங்கி முன்வரலாம். கடன் திரும்ப வருமா என்பதுதான் வங்கி பார்க்கும் கணக்கு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை அது பார்க்காது. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதற்குச் சமம். பெரியவர்கள் அக்கறையுடன்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் காலத்தில் வீட்டு விலைக்கும் சம்பளத்துக்கும் இருந்த இடைவெளி வேறு.

‘அடுத்த மாதம் 200 ரூபாய் ஏறும்’ என்ற பேச்சுக்குப் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். ஏறினாலும் அது 2 லட்சத்துச் சொச்சம்தான். உங்களுக்கு ஒத்துவராத வீட்டில் மாட்டிக்கொள்வதன் இழப்பு அதைவிடப் பல மடங்கு. பின்னர் எப்போதாவது புதிய அடுக்ககம் பார்க்க நேர்ந்தால் இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டினால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் வரைபடம், முடிக்க வேண்டிய நாள், வேலையின் நிலவரம் எல்லாம் இருக்கும். விற்பனைப் பிரதிநிதி சொல்லும் தேதியையும் அங்கே உள்ள தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, இரண்டு வீடுகளில் எது உண்மையில் மலிவு என்பது. விளம்பரத்தில் உள்ள 1,020 சதுர அடியில் சுவர், மாடிப்படி, மின்தூக்கி, நடைபாதை எல்லாவற்றின் பங்கும் அடங்கியிருக்கிறது. சட்டம் அங்கீகரிக்கும் அளவு கார்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்புதான். இப்படிப்பட்ட வீட்டில் அது 700 சதுர அடி அளவில் இருக்கக்கூடும். சரியான எண்ணை எழுத்தில் கேளுங்கள். 700 என்றால், 72 லட்சம் ரூபாய் வீட்டின் விலை சதுர அடிக்கு 7,059 அல்ல, 10,285 ரூபாய்க்கு மேல். பழைய வீட்டின் உட்பரப்பு 720 என்று வைத்துக்கொண்டால், 56 லட்சத்திலும் அது 7,780 ரூபாய்க்குள் வருகிறது. உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் இல்லாத பழைய குடியிருப்பில் கால் வைக்கிற இடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை குறைவு. இவை நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடியவை. வண்ணம், சமையலறை மேடை, தரை ஓடு, முகப்பின் அழகு ஆகியவையும் அப்படியே.

விட்டுக்கொடுக்கக் கூடாதவற்றில் முதலாவது யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது குடியிருப்பு நிற்கும் மனையில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு. கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு வயதாவதில்லை. பழைய வீட்டின் பத்திரத்தில் அது 480 சதுர அடி என்றும், அந்தத் தெருவில் மனை சதுர அடி 6,500 ரூபாய்க்குப் போகிறது என்றும் கொள்வோம். நிலத்தின் மதிப்பு 31.2 லட்சம். 900 சதுர அடிக் கட்டடத்தை இன்று கட்ட சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்றால் 20.7 லட்சம், 60 ஆண்டு ஆயுளில் 14 ஆண்டு கழிந்ததற்குத் தேய்மானம் போக ஏறக்குறைய 15.9 லட்சம். இரண்டும் சேர்ந்து 47.1 லட்சம். விற்பவர் கேட்கும் 56 லட்சத்தில் மிச்சமுள்ள ஏறக்குறைய 9 லட்சம் ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருப்பதற்கான விலை. அதில் ஒரு பகுதி நியாயமானதுதான், ஆனால் முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. பேரம் பேசப் போகும்போது இந்தக் கணக்கை உங்கள் தெரு விலையை வைத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளரும் ஏறத்தாழ இப்படித்தான் பார்ப்பார். அவர் போடும் மதிப்பு, பேசிய விலையைவிடக் குறைந்தால் கடனும் குறையும், அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

சிறிய குடியிருப்புகளில் நான் மறக்காமல் பார்ப்பது இன்னொன்று: எல்லா வீடுகளின் நிலப் பங்கையும் கூட்டினால் மொத்த மனையின் அளவு வருகிறதா என்பது. கூட்டுத்தொகை மனையைவிட அதிகமாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத ஒரு வீட்டைக் கூடுதலாகக் கட்டி விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். மொட்டை மாடியில் முளைத்த ஒற்றை வீடு, வாகன நிறுத்துமிடத்தில் சுவர் எழுப்பிய கடை ஆகியவை வெளிப்படையான அடையாளங்கள்.

இரண்டாவது, தண்ணீர். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் படகு விட வேண்டியிருந்தது. மேடவாக்கம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கேட்டே ஆக வேண்டும். அது 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதிகளை நிறுத்திவைக்கும்படி 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. வீட்டைப் பார்க்க வெயில் நேரத்தில் ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறையும் போங்கள். தரகர் இல்லாமல் போங்கள். தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவரிடமும் மாவு அரைத்துக் கொடுப்பவரிடமும் கேட்டால், எந்த ஆண்டு எந்த வாசல்படி வரை தண்ணீர் வந்தது என்று சொல்வார்கள். மின்வாரியப் பெட்டியை மட்டும் பின்னாளில் உயர்த்திப் பொருத்தியிருக்கிறார்களா, தரைத்தளத் தூண்களில் பூச்சு உப்பி உதிர்ந்திருக்கிறதா, கம்பியின் துரு தெரிகிறதா என்றும் பாருங்கள். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதைக் குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகமே காட்டிவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் இவை.

மூன்றாவது, உரிமை. ‘வங்கியே கடன் கொடுக்கிறது, பத்திரத்தில் என்ன குறை இருக்கப் போகிறது’ என்று பலரும் தேறுதல் கொள்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒருவரை அமர்த்துங்கள். குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சியான ஆவணங்கள், பட்டா, அனுமதி வரைபடம், பணி நிறைவுச் சான்று, இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று ஆகியவற்றை அவர் பார்க்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்கிறார்கள் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்பது உறுதியாகாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்பகுதிகள் ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் ஏரிப் புறம்போக்குமாக இருந்தவை என்பதால், புல எண்ணை வைத்து வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைச் சரிபார்ப்பது மிக அவசியம்.

விற்பவர் விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்கக்கூடும். ஒப்புக்கொள்ள வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பத்திரத்தில் விலை குறைந்தால் உங்கள் கடனும் குறையும். நாளை நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும்.

53 லட்சத்துக்கு விற்பவர் இறங்கவில்லை என்றால் விலகிவிடுங்கள். வாடகை வீண் பணம் என்று சொல்வார்கள். நீங்கள் ஆண்டுக்குக் கொடுக்கும் வாடகை 2.04 லட்சம், அதுபோன்ற வீட்டின் விலையான 56 லட்சத்தில் அது 3.64 விழுக்காடு. கடனுக்கு நீங்கள் கட்டப் போகும் வட்டி 8.5. இந்த இடைவெளி இருக்கும் வரை இன்னும் ஓராண்டு வாடகை வீட்டில் இருப்பதில் அவமானமும் இல்லை, இழப்பும் இல்லை. அந்த ஓராண்டில் சேமிப்பில் இன்னொரு 2.64 லட்சம் சேரும். வரும் என்று சொல்லப்படும் மெட்ரோ பாதைக்காக இன்றே விலை கொடுப்பதையும் தவிருங்கள். இன்று ஓடும் ரயிலில் ஏறி அலுவலகம் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

அவர் இறங்கி வந்தால், முன்பணத்தைக் குறைவாக வைத்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ உரிமையில் குறை தெரியவந்தாலோ முன்பணம் முழுவதும் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். குடியிருப்போர் சங்கத்துக்கும் மின்வாரியத்துக்கும் சொத்து வரிக்கும் பாக்கி இல்லை என்ற ரசீதுகளைப் பத்திரப்பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விலை 50 லட்சத்துக்குக் குறையாததால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 விழுக்காட்டை, அதாவது 53,000 ரூபாயை, நீங்களே பிடித்தம் செய்து அவருடைய பான் எண்ணில் வருமான வரியாகச் செலுத்த வேண்டும். பிடித்தம் செய்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கட்டியாக வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியும் விகிதமும் வேறு. ஒப்பந்தத்துக்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.